எடைக் கழிவும் பாவக் கணக்கும்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்காய் மண்டி என்று வைத்துக்கொள்வோம். கற்பனை மண்டிதான். பெங்களூரா காய்க்கு டன்னுக்கு 20 கிலோ தராசிலேயே அமுக்குகிறார்கள். சீசனில் 30 டன் போட்ட தோட்டக்காரருக்கு 600 கிலோ போச்சு. கிலோ 10 ரூபாய் என்றாலும் 6,000 ரூபாய். பார்க்கிறவர்கள் "பாவம், அந்த மனுஷன்" என்பார்கள். அமுக்கினவனைப் பற்றியும் "பாவம் பண்றான்" என்பார்கள். பட்டவனுக்கும் பண்ணினவனுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். எந்தச் சமயத்தின் பாவக் கணக்கையும் புரிந்துகொள்ள, அந்த 6,000 ரூபாய் அதில் எங்கே போகிறது என்று பார்த்தால் போதும்.

அரூரை அடுத்த தீர்த்தமலையில் பாறை உச்சியிலிருந்து விழுகிறது ராமர் தீர்த்தம். ராவணனைக் கொன்ற தோஷம் தீர ராமன் இங்கே சிவனைப் பூசித்தான் என்கிறது தலபுராணம். செத்தவன் அக்கிரமக்காரன், கொன்றது போரில், ஆனாலும் தோஷம் விடவில்லை. இங்கே பாவம் கரி மாதிரி. எண்ணம் எதுவானாலும் தொட்டால் ஒட்டும், நீரில் கழுவினால் போகும். தராசுக்காரரும் அதே நீரில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதுதான் சிக்கல். மனுவே அதற்கு இடம் தரவில்லை. சின்னக் களவுக்கு அவர் சொல்வது சாந்தபனம்: ஒரு நாள் பஞ்சகவ்யமும் தர்ப்பை நீரும், மறுநாள் பட்டினி. ஆனால் எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அந்த விரதம்.

பழைய தகடூரில், அதாவது இன்றைய தர்மபுரியில், வேரூன்றியிருந்த சமணம், வினையை நுண்ணிய தூளாகவே பார்க்கிறது. கோபம், செருக்கு, வஞ்சனை, பேராசை நான்கும் அதை ஒட்டவைக்கும் பசை. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, தராசு தானாகவே கெட்டிருந்தால்? பௌத்தத்தில் எண்ணம்தான் வினை. அறியாமல் நடந்தது கணக்கில் ஏறாது. மணிமேகலை எண்ணும் பத்துத் தீவினையில் களவு உடம்பின் மூன்றில் ஒன்று. சொல்லில் நான்கு, உள்ளத்தில் மூன்று. அந்த மூன்றில் முதலாவதான வெஃகல், அதாவது அடுத்தவர் பொருள் மேல் ஆசை, இல்லாமல் தராசில் கை போகாது. கத்தோலிக்கர் ஒன்றைச் சாவான பாவம் என்று சொல்ல, காரியம் கனமானதாகவும், முழு அறிவோடும், முழு சம்மதத்தோடும் நடந்திருக்க வேண்டும். சமணர் மட்டும் விடமாட்டார்: கவனக்குறைவும் வினை உள்ளே நுழைய ஒரு வாசல்தான்.

இந்த விஷயத்தில் சட்டம் தீர்த்தத்தின் கட்சி. முத்திரை காலாவதியான தராசை வைத்து வியாபாரம் செய்தாலே குற்றம், மனசுக்குள் என்ன இருந்தது என்ற கேள்வியே வராது. ஆனால் அபராதம் கஜானாவுக்குப் போகிறது. தோட்டக்காரரின் 6,000 அப்படியே நிற்கிறது.

எனக்குப் பிடித்த கறார், பாவத்திலிருந்து மனம் திரும்புகிற இஸ்லாமிய தவ்பாவில் இருக்கிறது. செய்வதை நிறுத்து, வருந்து, இனி செய்வதில்லை என்று உறுதி எடு. அடுத்த மனுஷனின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக ஒன்று: அதைத் திருப்பிக் கொடு. அவர் இறந்துவிட்டால் வாரிசுக்கு. யாருமே கிடைக்காவிட்டால்தான் அவர் கணக்கில் தர்மம். கத்தோலிக்கர் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திலும் களவுக்கு இதே வழிதான். குருவானவர் தரும் அபராத ஜெபம் அந்த 6,000-க்கு ஈடாகாது. கடவுளை ஒதுக்கிவிட்டுப் பேசுகிற பகுத்தறிவாளரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார். அவர் கணக்கில் தோட்டக்காரரைத் தவிர வேறு யாருக்கும் கடன் கிடையாது.

நடைமுறையில் கோளாறு வரிசையில்தான் வருகிறது. தோட்டக்காரரையும் வாரிசையும் தாண்டி நேராகத் தர்மத்துக்குப் போய்விடுகிறார்கள். பழைய எடைச் சீட்டுக் கட்டைப் பிரித்து யாருக்கு எத்தனை கிலோ என்று கூட்டுவதைவிட, கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் வாங்கி 'உபயம்' என்று தன் பெயரை எழுதிவிடுவது சுலபம்.