நவோஷிமா, டெஷிமா: வெளிச்சமும் படகும் பார்த்துத் திட்டமிட வேண்டிய பயணம்

ஜப்பானில் சமகாலக் கலை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, டோக்கியோவின் பெரிய அருங்காட்சியகங்களுக்கும் முன்பாக, செத்தோ உள்கடலின் இந்த இரண்டு சிறிய தீவுகளைத்தான் சொல்வேன். இங்குள்ள முக்கியமான படைப்புகள் எதையும் பெட்டியில் அடைத்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்க் காட்ட முடியாது. அந்த மலைச்சரிவு, அந்தக் கடல், அந்த நேரத்து வெயில் எல்லாம் சேர்ந்துதான் படைப்பு. அதனாலேயே, எத்தனை மணிக்கு எந்த அறையில் நிற்கிறோம் என்பது இங்கே முக்கியம். அதை முடிவு செய்வதோ படகு அட்டவணை.

போகும் வழி சுலபம். ஷின்-ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் ஒகாயாமா முக்கால் மணி நேரம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் உனோ. பெரும்பாலும் சாயாமாச்சியில் வண்டி மாற வேண்டும், காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உனோ நிலையத்திலிருந்து படகுத்துறை நடக்கும் தூரம்தான். அங்கிருந்து நவோஷிமாவின் மியானோஉரா துறைக்கு ஃபெர்ரியில் 20 நிமிடம். மறுகரையில் இருக்கும் தகாமட்சுவிலிருந்தும் ஃபெர்ரி உண்டு, சுமார் 50 நிமிடம். நவோஷிமாவின் கிழக்குக் கரையில் ஹொன்முரா என்று இன்னொரு துறை இருக்கிறது. உனோவிலிருந்து சில சிறிய படகுகள் அங்கே போகும். பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். ஏறும் முன் எந்தத் துறைக்கான படகு என்று பார்த்துவிடுங்கள்.

தங்குவதற்கு உனோ அல்லது தகாமட்சு நல்லது. இரண்டிலிருந்தும் இரண்டு தீவுகளுக்கும் படகு உண்டு, அறையும் எளிதாகக் கிடைக்கும். தீவுக்கு ஒரு நாள் என்று குறைந்தது இரண்டு முழு நாள் வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைப்பவர்கள் நவோஷிமா–டெஷிமா விரைவுப் படகை நம்புகிறார்கள். அது சிறிய படகு, நாளைக்குச் சில நடைகள்தான். இடம் நிறைந்துவிட்டால் துறையிலேயே நிற்க வேண்டியதுதான்.

விடுமுறை நாள்கள் இன்னொரு கண்ணி. நவோஷிமாவில் பெரும்பாலான இடங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, டெஷிமாவில் செவ்வாய்க்கிழமை. குளிர்காலத்தில் டெஷிமாவில் மூடும் நாள்கள் இன்னும் கூடும், சில படகு நடைகளும் நிற்கும். திங்கள் அரசு விடுமுறையாக வந்தால் அன்று திறந்துவிட்டு மறுநாள் மூடுவார்கள். புதன் முதல் ஞாயிறுக்குள் பயணத்தை அமைத்தால் பாதித் தலைவலி தீர்ந்தது.

நவோஷிமாவில் முதலில் கையில் இருக்க வேண்டியது சிச்சூ கலை அருங்காட்சியகத்தின் டிக்கெட். நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்; கூட்டக் காலத்தில் நேரில் போய் வாங்கலாம் என்று நம்ப முடியாது. 2004இல் திறந்த இந்தக் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் டாடாவோ ஆண்டோ ஏறக்குறைய முழுவதையும் குன்றுக்குள் புதைத்துக் கட்டினார். உள்ளே மூன்றே கலைஞர்கள்: கிளாட் மோனே, ஜேம்ஸ் டரெல், வால்டர் டி மரியா. மோனேயின் அல்லி ஓவியங்கள் ஐந்து இருக்கும் அறையில் மின்விளக்கே கிடையாது. கூரை வழியாக வடிந்து வரும் பகல் வெளிச்சம் மட்டும்தான். தரையில் இரண்டு சென்டிமீட்டர் பளிங்குக் கட்டிகள் லட்சக்கணக்கில் பதித்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மேகம் சூரியனை மறைத்தால் ஓவியத்தின் ஊதா அமுங்கிப் பச்சை மேலே வரும், வெயில் திரும்பினால் வேறொரு படம். ஆகவே கடைசி நேர டிக்கெட் எடுக்காதீர்கள், குளிர்காலத்தில் கண்டிப்பாக வேண்டாம். காலை பதினொன்று முதல் பிற்பகல் இரண்டுக்குள் நுழைவது நல்லது. மோனே அறையைப் பார்த்துவிட்டு டி மரியாவின் கூடத்துக்குப் போங்கள். படிக்கட்டின் நடுவே 2.2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் உருண்டை, சுற்றிலும் பொன்முலாம் பூசிய 27 மரச் சிற்பங்கள். பிறகு மறுபடி மோனேயிடம் திரும்புங்கள். அரை மணி நேரத்தில் மாறியிருப்பது கண்ணுக்கே தெரியும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அது நல்ல விதி. கேமரா இந்த மாற்றத்தைப் பிடிக்காது.

சிச்சூவுக்கு அருகிலேயே கொரியக் கலைஞர் லீ உஃபானின் அருங்காட்சியகம், 2010இல் திறந்தது. கல், இரும்புத் தகடு, நிறைய வெற்றிடம். அவசரத்தில் நுழைந்தால் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும், நேரம் இருந்தால் மட்டும் போங்கள்.

ஹொன்முரா கிராமத்துக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஆள் குறைந்துபோன பழைய ஊரின் காலி வீடுகளை, 1998இல் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். முதல் வீடு கதோயா. பழைய ஓட்டு வீட்டின் உள்ளே தண்ணீர்த் தொட்டி, அதில் தட்சுவோ மியாஜிமா வைத்த, எண்களைக் காட்டும் 125 விளக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் ஓடுகின்றன. அந்த வேகங்களைத் தீர்மானித்தவர்கள் ஊர்க்காரர்கள்.

அதே வரிசையில் வரும் மினாமிதேராவைத் தவறவிடக் கூடாது. கட்டடம் ஆண்டோவுடையது, உள்ளே இருப்பது டரெலின் படைப்பு. சிறு குழுக்களாக, குறித்த நேரத்தில்தான் விடுவார்கள். ஊருக்குள் வந்ததும் முதல் வேலையாக இதற்கான நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். சுவரைத் தடவியபடி முழு இருட்டுக்குள் போய் பெஞ்சில் உட்கார வேண்டும். ஐந்து நிமிடம் எதுவும் தெரியாது. பிறகு எதிரே மங்கலாக ஒரு செவ்வகம் வெளுக்கத் தொடங்கும். யாரோ விளக்கைக் கூட்டுகிறார்கள் என்று தோன்றும், ஆனால் வெளிச்சம் தொடக்கத்திலிருந்தே அதே அளவுதான். மாறியது நம் விழித்திரை: மங்கலான ஒளியைப் பிடிக்கும் குச்சி செல்கள் இருட்டுக்குப் பழகி முழுத் திறன் பெற அரை மணி நேரம் வரை ஆகும். வாசலில் நிற்கும்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பழக்கம் இன்னும் தாமதமாகும், சிலருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாமலேயே போய்விடும். வரிசையில் நிற்கும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், வித்தியாசம் பெரிது.

அங்கிருந்து மேட்டில் கோவோ ஆலயம். ஹிரோஷி சுகிமோட்டோ அமைத்த கண்ணாடிப் படிகள் சன்னதியிலிருந்து பூமிக்குள் இறங்கும். கீழ் அறைக்குப் போகும் கான்கிரீட் வழி தோள் உரசும் அளவு குறுகல், முதுகுப்பையைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வெளியே வரும்போது அந்தச் சந்தின் முடிவில் கடலும் வானமும் சேரும் கோடு மட்டும் தெரியும். சுகிமோட்டோ பல ஆண்டுகளாக எடுத்துவரும் கடல் புகைப்படங்களை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபடும்.

யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணிச் சிற்பம் கடலோர மேடையில் 1994இல் வைத்தது. 2021 ஆகஸ்டில் சூறாவளி அதைக் கடலுக்குள் இழுத்து உடைத்தது. மீண்டும் செய்து 2022 அக்டோபரில் அதே மேடையில் நிறுத்தினார்கள். காலை முதல் படகில் வந்து நேரே அங்கே போனால் கூட்டம் இருக்காது. ஹொன்முரா பக்கம் 2025 மே மாதம் ஆண்டோ கட்டிய புதிய அருங்காட்சியகம் ஒன்று திறந்திருக்கிறது, ஆசியக் கலைஞர்களுக்கு முக்கியத்துவம் தருவது. அதையும் சேர்த்தால் நவோஷிமாவுக்கு ஒரு நாள் போதாது.

டெஷிமா வேறு வகை. போவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது: 1970களின் இறுதியிலிருந்து 1990 வரை இந்தத் தீவின் மேற்கு முனையில் தொழிற்சாலைக் கழிவுகளைச் சட்டவிரோதமாகக் கொட்டினார்கள். ஊர்மக்கள் நீண்ட காலம் போராடி 2000இல் உடன்பாடு பெற்றார்கள். மாசடைந்த மண்ணும் கழிவுமாக 9 லட்சம் டன்னுக்கு மேல் தோண்டி, கப்பலில் நவோஷிமாவின் வடக்குப் பகுதிக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்தார்கள். அந்த வேலை 2017 வரை நடந்தது. தீவின் கராத்தோ பகுதியில் இன்று பார்க்கும் நெல் அடுக்கு வயல்கள், டெஷிமா கலை அருங்காட்சியகம் வந்தபோது ஊராரோடு சேர்ந்து மீட்டெடுத்தவை. இது தெரிந்து போகிறவருக்கு அந்தப் பச்சை வெறும் இயற்கைக் காட்சியாக இருக்காது.

அந்த அருங்காட்சியகம் 2010இல் திறந்தது. கட்டடக் கலைஞர் ரியூவே நிஷிசாவா, உள்ளே இருக்கும் ஒரே படைப்பு ரெய் நைட்டோவுடையது. 40க்கு 60 மீட்டர், தூணே இல்லாத கான்கிரீட் ஓடு, தடிமன் 25 சென்டிமீட்டர். மண்ணைக் குவித்து வேண்டிய வடிவத்தில் செதுக்கி, அதன்மேல் கான்கிரீட் ஊற்றி, இறுகிய பின் உள்ளிருந்த மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். கூரையில் கண்ணாடி இல்லாத இரண்டு பெரிய திறப்புகள். மழை, காற்று, பூச்சிச் சத்தம் எல்லாம் உள்ளே வரும். தரையில் ஊசித் துளைகளிலிருந்து நீர்த்துளி கசிகிறது. தரை நீரை உறிஞ்சாதபடி செய்திருப்பதால் துளி முத்தாக நின்று, கண்ணுக்குத் தெரியாத சரிவில் சட்டென்று ஓடி இன்னொன்றோடு சேர்கிறது. கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடங்கள்: சிறிய தட்டுகளும் உருண்டைகளும் தரையில் கிடக்கும், அவையும் படைப்பின் பகுதி. கிசுகிசுத்தாலும் கூடம் முழுக்கக் கேட்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்படி டிக்கெட் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மழை நாள் என்றால் டிக்கெட்டை மாற்ற நினைக்காதீர்கள், அன்றுதான் உள்ளே மிக அழகு.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பகுதியின் பெருமை சானுகி உதோன் நூடுல்ஸ். ஆனால் அதன் சாறு பெரும்பாலும் கருவாட்டில் காய்ச்சியது. சைவம் சாப்பிடுபவர்கள் உனோவிலோ தகாமட்சுவிலோ உமெபோஷி (உப்பில் ஊறவைத்த புளிப்புப் பழம்) அல்லது கடற்பாசி வைத்த சோற்று உருண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெஷிமாவில் கடைகள் மிகக் குறைவு, மதியத்துக்குப் பிறகு உணவகங்கள் மூடிவிடும். யென் ரொக்கமாக இருக்கட்டும்.

டெஷிமாவில் இயேஉரா துறையில் இறங்கியதும் மின்சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். சாதாரண சைக்கிள் வேண்டாம், வழி முழுக்க மேடு. அருங்காட்சியகத்திலிருந்து கராத்தோவுக்கு இறக்கம். கடற்கரையில் பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்டியன் போல்டான்ஸ்கியின் இதயத்துடிப்புக் காப்பகம். இருட்டுக் கூடத்தில் ஒரே ஒரு மின்குமிழ், யாரோ ஒருவரின் துடிப்புக்கு ஏற்ப எரிந்து அணைகிறது. கட்டணம் செலுத்தி உங்கள் துடிப்பையும் பதிவு செய்து அங்கே விட்டுவரலாம். அதற்கு வரிசை இருக்கும், ஆகவே போனவுடன் பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு கூடத்துக்குள் போங்கள். சைக்கிளை எடுத்த துறையிலேயே திருப்பித் தர வேண்டும். கராத்தோவிலிருந்து இயேஉராவுக்குத் திரும்பும் ஏற்றத்துக்கு பேட்டரியில் பாதியாவது மிச்சம் வையுங்கள், மாலைப் படகுக்கு முக்கால் மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.