கோஸ்டா ரிக்கா: முதலில் மாதம், பிறகுதான் இடங்கள்

கோஸ்டா ரிக்காவின் பரப்பு 51,100 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் குறைவு. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் ஒரே வாரத்தில் இரண்டு கடற்கரைகள், ஓர் எரிமலை, மூன்று காடுகள் என்று திட்டம் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் தயாரான முதல் பட்டியலும் அப்படித்தான் இருந்தது. இடங்களின் பெயர்களை அழித்துவிட்டு மழையிலிருந்து தொடங்கிய பிறகே பயணத்துக்கு ஒரு வடிவம் கிடைத்தது.

நாட்டின் நடுவே நீண்டு கிடக்கும் மலைத்தொடர் இரண்டு கரைகளுக்கும் வெவ்வேறு பருவத்தைக் கொடுத்திருக்கிறது. பசிபிக் பக்கத்தில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறட்சி. மே மாதத்தில் தொடங்கும் மழை செப்டம்பர், அக்டோபரில் உச்சத்தை எட்டும். கரீபியன் பக்கத்திலோ ஆண்டு முழுவதும் மழை உண்டு என்றாலும், பசிபிக் கரை நனைந்து கிடக்கும் அதே செப்டம்பர், அக்டோபரில்தான் அங்கே சற்று வெயில் அடிக்கும். ஆகவே இரு கரைகளையும் அவற்றின் சிறந்த பருவத்தில் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது.

இங்கேதான் எங்களுக்குள் வழக்கு வந்தது. எனக்குக் கரீபியன் பக்கத்து டோர்டுகேரோ கடற்கரையில் பச்சைக் கடலாமைகள் முட்டையிடுவதைப் பார்க்க வேண்டும்; அதற்கான காலம் ஜூலை முதல் அக்டோபர் வரை. மனைவிக்கோ தென்மேற்கு மூலையில் ஓசா தீபகற்பத்தில் இருக்கும் கோர்கோவாடோ தேசியப் பூங்காக் காட்டில் டாபிர் என்ற விலங்கைப் பார்த்தாக வேண்டும். பிப்ரவரியில் போனால் கோர்கோவாடோ நடப்பதற்கு நன்றாக இருக்கும், ஆனால் பச்சை ஆமைகள் வரா. செப்டம்பர் கடைசியில் போனால் ஆமைகள் உண்டு, ஓசாவிலோ மழை கொட்டும். கடைசியில் ஆகஸ்டு பிற்பகுதியில் உடன்பட்டோம். அப்போது ஆமைகள் கரையேறும் மும்முரம். ஓசாவில் மழை பெரும்பாலும் பிற்பகலில் இறங்குவதால், விடியற்காலையில் கிளம்பினால் நடைக்குப் போதிய நேரம் கிடைக்கும்.

மாதம் முடிவானதும் முதலில் கவனித்தது கோர்கோவாடோவைத்தான். 2014 முதல் சான்றிதழ் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அந்தப் பூங்காவுக்குள் யாரையும் விடுவதில்லை. காட்டுக்குள் இருக்கும் சிரேனா நிலையத்தில் இரவு தங்குவதென்றால் இடம் முன்கூட்டியே பதிவாக வேண்டும். அனுமதிக்குக் கடவுச்சீட்டு விவரங்களைக் கொடுக்க வேண்டும். டிரேக் விரிகுடாவிலிருந்து படகில் போனால் சிரேனாவில் துறைமேடை கிடையாது; அலைக்கு நடுவே முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடக்க வேண்டும். எனவே சக்கரப் பெட்டியை மறந்துவிட்டு, தண்ணீர் புகாத முதுகுப்பை ஒன்றைத்தான் எடுத்துப் போகிறோம். இந்த அனுமதி கிடைக்கும் தேதியைச் சுற்றித்தான் மற்ற எல்லா முன்பதிவும் நடக்கும். விமானச் சீட்டை முதலில் வாங்கிவிட்டு அனுமதிக்கு அலைவது தலைகீழ் வேலை.

டோர்டுகேரோவுக்குச் சாலை கிடையாது. தலைநகர் சான் ஹோசேயிலிருந்து கரியாரி என்ற ஊர் வழியாக, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, லா பவோனா படகுத்துறை வரை வண்டியில் போய், அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் ஆற்றில் பயணம் செய்ய வேண்டும். இடையில் பிரவுலியோ கர்ரில்லோ காட்டை ஊடறுத்துச் செல்லும் 32ஆம் எண் நெடுஞ்சாலை கனமழையில் மண்சரிவால் மூடப்படுவது வழக்கமான சங்கதி. அதனால் டோர்டுகேரோவைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வைத்தோம். திரும்பும் விமானத்துக்கு முதல் நாள் அங்கே மாட்டிக்கொண்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரவில் ஆமை பார்க்க வழிகாட்டியுடன் மட்டுமே போகலாம், கேமராவுக்கும் கைவிளக்குக்கும் அனுமதியில்லை. படம் எடுக்க முடியாது என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இரண்டுக்கும் நடுவே அரேனால் எரிமலை அடிவாரத்தில் லா ஃபோர்டுனா. 1968இல் வெடித்து 2010 வரை ஓயாமல் கனன்ற மலை இப்போது அமைதியாக இருக்கிறது. மேகம் விலகினால் பார்ப்போம், இல்லையென்றால் வெந்நீர் ஊற்றில் உட்கார்ந்து ஓய்வெடுப்போம்.

மூடுபனிக் காட்டுக்குப் பேர்போன மொண்டேவெர்தேயைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டதில் மட்டும் எனக்குச் சிறு வருத்தம். கட்டாய ராணுவ சேவையை மறுத்த அமெரிக்க குவேக்கர்கள் (போரை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்), 1948இல் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாட்டைத் தேடிவந்து 1951இல் குடியேறிய ஊர் அது. ஆனால் வரைபடத்தில் லா ஃபோர்டுனாவுக்குப் பக்கத்தில் தெரியும் அந்த ஊருக்கு ஏரியைச் சுற்றிச் சாலையில் போனால் அரை நாள் கரைந்துவிடும். நீலகிரிச் சோலைகளில் மூடுபனியைப் பலமுறை பார்த்தவர்களுக்கு, அந்த அரை நாளை ஓசாவில் செலவிடுவதே மேல் என்று தோன்றியது.

ஆண்டு முழுவதும் மாலை ஆறரை மணிக்குள் இருட்டிவிடும் நாடு அது. மழையில், தெரியாத மலைச்சாலையில், இருட்டில் வண்டி ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டதால், எல்லாப் பயணமும் காலையில்தான். காட்டு நடைக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். டெர்சியோபெலோ என்ற நச்சுக் குழிவிரியன் சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது என்பதால், இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்குக் கவலையில்லை, காலையில் சோறும் கறுப்பு பீன்ஸும் கலந்து வதக்கிய காயோ பின்டோ எங்கும் கிடைக்கும். சைவர்கள் பன்றிக் கொழுப்பு சேர்த்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வழிகாட்டி சிரேனாவுக்கு இரண்டு தேதிகளைச் சொல்லியிருக்கிறார். அங்கே நேரம் நமக்குப் பதினொன்றரை மணி பின்னால் இருப்பதால், அனுமதி உறுதியானதா என்பது நாளைக் காலை எழுந்ததும் தெரியும். அதன் பிறகே விமானச் சீட்டு.