பெக்காம் சம்மாட்டி ஆன கதை

மே மாதத்தில் ராமநாதபுரம் கடற்கரைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வெயில் என்பார்கள். வெயில் உண்மைதான். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போகாத பையன்கள் பொழுது சாய்ந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு மணலுக்கு வந்துவிடுவார்கள். பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். துபாயிலும் சவூதியிலும் வேலை பார்க்கிற சிலர் லீவில் ஊருக்கு வந்திருப்பார்கள். கால்பந்து பார்க்க இந்தக் கரையில் இதைவிட நல்ல காலம் கிடையாது. நான் போனது அதற்காகத்தான்.

ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரைக்குப் பஸ். இரண்டு பக்கமும் பனையும் சீமைக்கருவேலமும். திருப்புல்லாணிக் கோயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேராகக் கீழக்கரையில் இறங்கினேன். பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. கோயில் மண்டபத்தில் நிற்பதுபோலவே இருக்கும். அங்கிருந்து கடைத்தெருவுக்கு வந்து தொதல் வாங்கினேன். தேங்காய்ப்பாலில் மணிக்கணக்கில் கிண்டி எடுக்கிற இனிப்பு. கீழக்கரைக்குப் போய் அதைச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது.

தொதல் வாங்கிய கடைக்கு எதிரே ஒரு ஜெர்சிக் கடை. வாசலில் தொங்கியதில் பாதிக்கு மேல் ஒரே நிறம், இளஞ்சிவப்பு. முதுகில் 10, மெஸ்ஸி. அமெரிக்காவின் இன்டர் மியாமி கால்பந்து கிளப்பின் ஜெர்சி.

“இப்ப இந்த ரோஸ் கலர்தான் தம்பி ஓடுது. அர்ஜென்டினாகூட இதுக்கு அப்புறம்தான்” என்றார் கடைக்காரக் காக்கா. அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த கிளப் யாருடையது தெரியுமா என்று அங்கே நின்ற பையன்களிடம் கேட்டேன். மெஸ்ஸியுடையது என்றான் ஒருவன். இன்னொருவன், “யாரோ அமெரிக்காக்காரன்” என்றான். இங்கிலாந்தின் முன்னாள் கால்பந்து ஆட்டக்காரர் பெக்காமுடையது என்று நான் சொன்னதும் காக்காவின் முகம் மலர்ந்தது. அவருக்கும் என் வயதுதான் இருக்கும். “அந்த கிரீஸ் மேட்ச்!” என்றார். அவ்வளவு போதும், எங்கள் இருவருக்கும் அடுத்த அரைமணி நேரம் ஓடிவிட்டது.

2001 அக்டோபர் 6. மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானம். உலகக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதி பெற இங்கிலாந்துக்கு டிரா வேண்டும். 1-2 என்று பின்தங்கி, ஆட்ட நேரமும் முடிந்து கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று டேவிட் பெக்காம் மைதானம் முழுக்க ஓடியிருந்தார். அதற்கு முன்பு அடித்த ஃப்ரீ கிக்குகள் எதுவும் உள்ளே போகவில்லை. கடைசியாகக் கிடைத்ததை அடித்தார். பந்து தடுப்புச் சுவரைத் தாண்டி வளைந்து வலையில் விழுந்தது. கோல்கீப்பர் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த கோலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அதற்கு மூன்று வருடம் முன்னால் அதே இங்கிலாந்து அவரை வெறுத்தது. 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிரான ஆட்டம். சிமியோனே அவரைக் கீழே தள்ள, விழுந்து கிடந்தபடியே காலை நீட்டித் தட்டினார். சிவப்பு அட்டை. இங்கிலாந்து தோற்றது. லண்டனில் ஒரு மதுக்கடைக்கு வெளியே அவருடைய கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். 23 வயதுப் பையனுக்கு இதைச் செய்தார்கள். அடுத்த சீசன் முழுக்க வெளியூர் மைதானங்களில் ஏச்சு. அந்த சீசனில்தான் அவர் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் மூன்று கோப்பைகளை வென்றது. 1999 மே 26 அன்று பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் விழுந்த இரண்டு கோலும் பெக்காம் அடித்த கார்னரிலிருந்து வந்தவை.

இவ்வளவையும் காக்காவிடம் பேசி முடித்துவிட்டு மறுநாள் பாம்பன் பக்கம் போனேன். சாலைப் பாலத்தில் வழக்கம்போல வண்டிகள் நின்று எல்லோரும் ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி கப்பல் வந்தால் அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். பக்கத்தில் 1914-இன் பழைய பாலம். நான் அதிகம் நிற்கவில்லை. மணலில் எழுவர் கால்பந்துப் போட்டி என்று தட்டி வைத்திருந்தார்கள்.

சவுக்குக் கம்புதான் கோல் போஸ்ட். கிழிந்த மீன்வலைதான் வலை. தென்கடலில் கச்சான் என்கிற மேற்குக் காற்று வீச ஆரம்பித்திருந்தது. ஒரு பையன், பதினாறு வயதுகூட இருக்காது, வெறுங்காலோடு ஃப்ரீ கிக் அடிக்க வந்தான். பந்துக்கு நேர் பின்னால் நிற்காமல் சாய்வாக ஒதுங்கி நின்று, ஓடிவந்து பாதத்தின் உட்பக்கத்தால் பந்தின் ஓரத்தைச் சீவினான். பந்து சுழன்றுகொண்டே போகும்போது ஒரு பக்கம் காற்றழுத்தம் குறையும், பந்து அந்தப் பக்கம் வளையும். பெக்காம் கற்று வைத்திருந்த வித்தை அதுதான். லண்டனில் அவருடைய அப்பா சமையலறை அலமாரிகள் பொருத்தும் வேலை செய்தவர், அம்மா முடிதிருத்துபவர். அப்பாவோடு பூங்காவுக்குப் போய் ஒரே உதையைத் திரும்பத் திரும்ப அடித்துப் பழகிய பிள்ளை. இந்தப் பையனுக்குக் கச்சானும் கூட்டு. பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் விசைப்படகில் வேலை பார்ப்பவர், என்னைவிட மூத்தவர். பெக்காம் பெயரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “அவரு இப்ப ஆடுறதில்லையே தம்பி, அப்புறம் எப்படிப் பணம் வருது?”

நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2003-இல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அவரை 3.5 கோடி யூரோவுக்கு வாங்கியது. அவர் வழக்கமாகப் போடும் 7-ஆம் எண் அங்கே ரவுல் என்ற ஆட்டக்காரரிடம் இருந்ததால் 23 போட்டுக்கொண்டார். உலகமெங்கும் அந்த ஜெர்சி விற்றது. 2007-இல் ஸ்பெயின் லீகை வென்றுவிட்டு அமெரிக்காவின் எல்.ஏ. கேலக்ஸிக்குப் போனார். ஐந்து வருடத்துக்கு 25 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் சம்பளம் ஆண்டுக்கு 65 லட்சம் டாலர்தான். மீதிக் கணக்கெல்லாம் விளம்பரமும் வருமானப் பங்கும். நல்ல ஆட்டக்காரர்கள் அமெரிக்காவுக்கு ஓய்வெடுக்கத்தான் போவார்கள் என்று எல்லோரும் சொன்ன காலம் அது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஆடி முடித்த பிறகு அமெரிக்கக் கால்பந்து லீகான மேஜர் லீக் சாக்கரில் ஒரு புது அணியை 2.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. 2007-இல் அந்த வரியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 2023-இல் சான் டியேகோ நகரத்து அணிக்கு அதே லீக் வாங்கிய நுழைவுக் கட்டணம் 50 கோடி டாலர்.

பக்கத்தில் இருந்தவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “சரிதான். கூலிக்குப் போகாம பங்குக்குப் போயிருக்காரு. அப்புறம் சம்மாட்டியாவே ஆயிட்டாரு” என்றார்.

எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. இந்தக் கரையில் டீசல், ஐஸ், சாப்பாடு என்று செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். உழைத்தவர்களுக்குப் பங்கு உண்டு. படகுக்கும் வலைக்கும் தனியாக உண்டு. கடலுக்கு வராவிட்டாலும் படகுக்காரரான சம்மாட்டிக்குப் பங்கு வரும். இன்டர் மியாமி கிளப்தான் பெக்காமின் படகு.

அந்தப் படகு லேசில் தண்ணீருக்கு வரவில்லை. 2014 பிப்ரவரியில் மியாமியில் அணி தொடங்கப்போவதாக அறிவித்தார். மைதானத்துக்கு இடம் கிடைக்காமல் ஒவ்வொரு திட்டமாகக் கைவிட்டார்கள். கூட்டாளிகள் மாறினார்கள். மியாமியைச் சேர்ந்த ஹோர்ஹே மாஸ், ஹோசே மாஸ் சகோதரர்கள் வந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. 2018-இல் லீக் அனுமதி கொடுத்தது. 2020-இல் முதல் ஆட்டம். தொடக்க ஆண்டுகளில் தோல்வி மேல் தோல்வி. 2023 ஜூலையில் மெஸ்ஸி வந்தார். வந்த உடனே லீக்ஸ் கோப்பை என்ற போட்டியை வென்றார்கள். இன்று அந்த கிளப்பின் மதிப்பை 100 கோடி டாலருக்கு மேல் கணக்கிடுகிறார்கள்.

இதைத் தவிர அடிடாஸுடன் 2003-லேயே போட்ட வாழ்நாள் ஒப்பந்தம் இருக்கிறது. தன் பெயரை வைத்து நடத்திய நிறுவனத்தில் 55 சதவீதத்தை 2022-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றார். 2025-இல் ஒரு பிரிட்டிஷ் ஞாயிறு இதழின் பணக்காரர் பட்டியல் அவருக்கும் மனைவி விக்டோரியாவுக்கும் சேர்த்து 50 கோடி பவுண்ட் சொத்து என்று போட்டது. அதே வருடம் ‘சர்’ பட்டமும் கிடைத்தது.

எனக்கு அவரிடம் பிடிக்காததும் உண்டு. கத்தார் உலகக் கோப்பைக்குத் தூதராகப் பணம் வாங்கியது அதில் ஒன்று. மைதானம் கட்டிய வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பட்ட பாட்டை இந்தக் கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவர் வளைகுடா வெயிலில் நின்றவர்கள். பெக்காம் அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், அவருக்கு அது தேவைப்படவில்லை. இன்னொரு பக்கம், 2013-இல் கடைசியாக ஆடிய பாரிஸ் செயின்ட் ஜெர்மைனில் தன் சம்பளத்தை அப்படியே குழந்தைகளுக்கான தொண்டுக்குக் கொடுத்தவரும் அவர்தான். அந்த மே மாதம் பிரெஸ்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் வெளியே வரும்போது அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். நான்கு நாடுகளில் லீக் வென்ற முதல் இங்கிலாந்துக்காரர். 2023 நவம்பரில் யுனிசெஃப் தூதராக இந்தியா வந்தபோது வான்கடேயில் டெண்டுல்கர் பக்கத்தில் உட்கார்ந்து கோலியின் ஐம்பதாவது ஒருநாள் சதத்தைப் பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் அந்த ஃப்ரீ கிக் பையனிடம் போய்ப் பேசினேன். அவனுக்குப் பெக்காமின் கோடிகள் பற்றி ஆர்வம் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலை கிடைக்குமா என்றுதான் கேட்டான். ஐ.எம்.விஜயன் கதையைச் சொன்னேன். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன், 17 வயதில் கேரள போலீஸ் அணியில் சேர்ந்து, இந்தியக் கால்பந்து அணியின் தலைவராகி, 2025-இல் பத்மஸ்ரீ வாங்கினார். விளையாட்டு கொடுத்த வேலைதான் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. நம் நாட்டில் கால்பந்து ஆடி முடித்தவருக்குச் சொத்து என்று பெரும்பாலும் அந்த அரசு வேலைதான். அதனால் அவன் கேட்டது சரியான கேள்வி. எந்த வகுப்பு, எந்தப் பள்ளி அணி, மாவட்ட அளவில் ஆடியிருக்கிறானா, சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருக்கிறானா என்று விசாரித்தேன். சான்றிதழை மட்டும் லேமினேஷன் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னான்.

போக நினைப்பவர்களுக்கு: ராமநாதபுரத்தில் தங்கிக்கொள்ளுங்கள். கீழக்கரை, ஏர்வாடி ஒரு பக்கம், மண்டபம், பாம்பன் மறுபக்கம், இரண்டுக்கும் பஸ் நிறைய உண்டு. எந்த ஊரில் எந்த நாள் போட்டி என்பது சுவரொட்டியில் இருக்கும், இல்லாவிட்டால் டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். நாக் அவுட் ஆட்டங்கள் நாலு மணிக்கு மேல்தான் தொடங்கும். இறுதி ஆட்டத்தைப் பெரும்பாலும் இரவில் மின்னொளியில் வைப்பார்கள். சீக்கிரம் போனால் மணல்மேட்டில் கோலுக்குப் பின்னால் இடம் கிடைக்கும்.