பழைய லாரியில் எர்த் கோளாறு: சுங்கை சிப்புட் பட்டறையில் சரிசெய்த விவரம்

தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் 24 வோல்ட் லாரி. சிக்னல் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. காலையில் ஸ்டார்ட்டர் இழுக்க மாட்டேன் என்கிறது. மூன்றுக்கும் தனித்தனியாகச் சாமான் மாற்றினால் காசுதான் போகும். கோளாறு எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியில்.

எஞ்சினும் கேபினும் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கின்றன; ரப்பர் வழியே கரண்ட் போகாது. பேட்டரி நெகட்டிவிலிருந்து சேசிஸுக்கு (லாரியின் இரும்புச் சட்டத்துக்கு) ஒரு வயர், சேசிஸிலிருந்து எஞ்சினுக்கு ஒன்று, கேபினுக்கு ஒன்று. இந்த மூன்றும்தான் உயிர். கேபினை அடிக்கடி தூக்கி இறக்கும் லாரியில், வயர் மடங்கும் இடத்தில் உறைக்குள்ளேயே இழை இழையாக அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கையால் மடக்கினால் அந்த இடம் மட்டும் தொளதொளவென்று இருக்கும்.

ஓம் மீட்டரை நம்ப வேண்டாம். நான்கு இழை மிஞ்சியிருந்தாலும் அது நல்ல வயர் என்றே காட்டும். ஸ்டார்ட்டர் 300 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடையே 3 வோல்ட்டைத் தின்றுவிடும்; அந்த 0.01 ஓமைச் சாதாரண மீட்டரால் பிடிக்க முடியாது. அதனால் லோடு கொடுத்து வோல்ட்தான் பார்க்க வேண்டும்.

கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இறுக்கம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க ஒருவர் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஐந்து விநாடி ஸ்டார்ட்டர் அடிக்க, மீட்டரின் கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் முளையிலேயே இருக்க வேண்டும், கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையை ஸ்டார்ட்டர் உடம்பில் வைத்தால் 1.9 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினாலே கெட்டது. சிவப்பு முனையை ஒவ்வொரு இடமாக நகர்த்திப் பார்த்ததில் கிளாம்ப் 0.05, சேசிஸ் 0.15, எஞ்சின் பிளாக் 1.85. ஆக, சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவேதான் 1.7 வோல்ட் தொலைகிறது.

எஞ்சின் வயரைச் சேசிஸில் மாட்டிய போல்ட்டைக் கழற்றியதும் லக்கின் (வயர் முனையிலுள்ள உலோக வளையத்தின்) அடியில் பச்சைத் தூள், அதற்குக் கீழே துரு செதில் செதிலாக. உர மூட்டை ஏற்றிய லாரிக்கு இது வழக்கம். பொட்டாசியம் குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் செம்பும் இரும்பும் சேருமிடத்தை வேகமாக அரிக்கும்.

முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றிவிட்டுத்தான் வேலை. பழைய வயருக்குப் பதில் 70 சதுர மில்லிமீட்டர் கேபிள், இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்திய வெள்ளீயம் பூசிய செம்பு லக். லக்கை ஈயப்பற்றால் (சால்டர்) ஒட்ட வேண்டாம், அதிர்வில் அதன் ஓரத்தில்தான் இழை ஒடியும். சேசிஸில் லக் உட்காரும் வட்டத்தைப் பளபளவென்று வரும்வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு, போல்ட்டை இறுக்கிய பிறகே மேலே கிரீஸ். மறுபடி அளந்தால் 0.2.

பின் விளக்குக் கதை வேறு. 21 வாட் சிக்னல் பல்புக்கு எர்த் இல்லாமல் போனால், கரண்ட் பக்கத்திலிருக்கும் 5 வாட் டெயில் இழை வழியாக வெளியேறப் பார்க்கும், அதனால்தான் அந்த மினுக்கல். துருப்பிடித்த மட்கார்டை நம்பாமல், இரண்டு விளக்குக் கூட்டிலிருந்தும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைத் தனியாகச் சேசிஸ் போல்ட்டுக்கு இழுத்தாயிற்று. கேபின் வயரை மாற்றியதும் டெம்பரேச்சர் முள்ளும் அடங்கியது.

இனி லாரியின் சரக்குத் தொட்டியில் வெல்டிங் போடுகிறவர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் மாட்ட வேண்டும். தூரமாக மாட்டினால் அந்தக் கரண்ட் ஆல்டர்னேட்டர் டயோடையும் வீல் பேரிங்கையும் வழியாக்கிக்கொள்ளும்.