அந்த அமெரிக்க நிருபர் எங்கே?

படம் ஓடி இருபது நிமிடம் ஆகியும் அந்த அமெரிக்கர் வரவே இல்லை. தப்பான படத்தைப் போட்டுவிட்டேனோ என்று நிறுத்திவிட்டுப் பெயரைச் சரிபார்த்தேன். காட்ஜில்லாதான், அந்த ராட்சத மிருகத்தின் படம். கறுப்பு வெள்ளைதான். பெயர் மட்டும் ஜப்பானியர் சொல்கிறபடி ‘கோஜிரா’ என்று இருந்தது.

நான் தேடிய ஆள் நடிகர் ரேமண்ட் பர். சின்ன வயதில் பார்த்த காட்ஜில்லாவில் அவர்தான் நாயகன் மாதிரி. ஸ்டீவ் மார்ட்டின் என்ற நிருபராக இடிபாடுகளுக்கு அடியில் கிடப்பார், டோக்கியோ எப்படி அழிந்தது என்று அவர் சொல்லச் சொல்லக் கதை பின்னோக்கிப் போகும். அதுதான் அசல் படம் என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். இஷிரோ ஹோண்டா எடுத்த படம் 1954 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியானது, 96 நிமிடம். அமெரிக்காவில் அதை வாங்கியவர்கள் வெட்டினார்கள். ரேமண்ட் பரை வைத்துப் புதிதாகக் காட்சிகள் எடுத்து ஒட்டி, 1956இல் 80 நிமிடப் படமாக வெளியிட்டார்கள். பதினாறு நிமிடம்தானே குறைந்தது என்று நினைக்கக் கூடாது. அந்த எண்பதுக்குள் பர் வரும் காட்சிகளும் அடக்கம். அப்படியானால் அசலில் எவ்வளவு போயிருக்கும், பாருங்கள்.

போனதில் ஒரு ரயில் காட்சி இருக்கிறது. ஒரு நிமிடம்கூட வராது. பெட்டிக்குள் நின்றபடி ஒரு பெண் தன்னோடு வந்தவரிடம் அலுத்துக்கொள்கிறாள்: கதிரியக்கச் சூரை மீனாம், கதிரியக்க மழையாம், போதாததற்கு இப்போது கோஜிராவாம். நாகசாகி குண்டிலிருந்து தப்பிப் பிழைத்து வந்த உயிராயிற்றே என்கிறாள். சரி, ஒதுங்க ஓர் ஊர் பார்க்கவேண்டியதுதான் என்று பேச்சு வருகிறது. ‘மறுபடியும் ஊரைக் காலி பண்ணணுமா’ என்று இன்னொருவர் சலித்துக்கொள்கிறார். ரேஷன் வரிசையில் நிற்கிறவர்கள் பேசுவதுபோல அவ்வளவு சாதாரணமாக. போர் முடிந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது.

சூரை மீன் என்று அவள் சொன்னதும் மறுபடி நிறுத்தினேன். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் உள்ள பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் சாம்பல், ‘ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மேல் விழுந்தது. அவர்கள் பிடித்து வந்தது சூரை. அந்தப் படகின் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23இல் இறந்துபோனார். படம் வருவதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் முன்பு.

இது தெரிந்தபின் முதல் காட்சியைத் திருப்பிப் போட்டேன். கப்பல் தளத்தில் மாலுமிகள் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். கடல் பளீரென்று வெளுக்கிறது, கப்பல் எரிகிறது. மிருகம் கண்ணிலேயே படுவதில்லை. அன்று அரங்கில் இருந்த ஒருவருக்கும் இது கற்பனையாகத் தோன்றியிருக்காது.

அந்த மிருகத்தைப் பார்த்து நான் சிரித்தது உண்டு. ரப்பர் உடைக்குள் ஆள் நடப்பது அப்பட்டமாகத் தெரிகிறது என்று பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன். உள்ளே இருந்தவர் ஹருவோ நகஜிமா, உடை அவ்வளவு கனம். அந்தக் கனம்தான் நடையில் தெரிகிறது. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. டோக்கியோவின் கின்சா பகுதி எரியும்போது, ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கட்டடத்தோரம் உட்கார்ந்திருக்கிறாள். ‘அப்பாகிட்ட போகப்போறோம், இதோ கொஞ்ச நேரம்தான்’ என்கிறாள். அப்பா எங்கே என்று படம் சொல்லவில்லை; சொல்ல வேண்டியும் இல்லை. விடிந்ததும் மருத்துவமனை. ஒரு குழந்தையின் அருகே கதிரியக்கம் அளக்கும் கருவியைக் கொண்டுபோகிறார் விஞ்ஞானி ஒருவர், தலையை மட்டும் ஆட்டுகிறார். கோஜிரா இடித்ததைக் காட்டிய நேரத்துக்கு ஈடாக, இடிபட்டவர்களையும் காட்டியதுபோல் எனக்குப் பட்டது.

முடிவிலும் கை வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் படத்தில் ஆபத்து நீங்கியது, உலகம் மறுபடி மூச்சு விடலாம் என்று பர் நிம்மதியாக முடிப்பார். அசலில் தொல்லுயிர் அறிஞர் யமானேயாக நடித்த தகாஷி ஷிமுரா கப்பலில் உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுக்கிறார்: ஹைட்ரஜன் குண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா எங்காவது வரக்கூடும். அவ்வளவுதான்.

மறுநாள் பழைய 1956 படத்தையும் போட்டுப் பார்த்தேன். பர் மேல் கோபமெல்லாம் இல்லை, தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். ஆனால் அவர் யமானேயின் மகள் எமிகோவிடம் பேசும்போதெல்லாம் அவள் கேமராவுக்கு முதுகைக் காட்டியே நிற்கிறாள். அது வேறொரு பெண். சின்ன வயதில் எனக்கு அது உறைக்கவே இல்லை. இப்போது பார்த்தால் அந்தப் பின்தலையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படமாட்டேன் என்கிறது.