ஒண்ணுக்கு ஒண்ணு இலவசம்

விளம்பரங்களுக்குப் பாட்டு எழுதுவது என் பிழைப்பு. பல வருஷத்துக்கு முன் ஒரு துணிக்கடைக்கு 'ஒண்ணுக்கு ஒண்ணு இலவசம்' என்று பல்லவி எழுதினேன். மெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, கடைக்காரருக்கும் பிடித்துவிட்டது. வீட்டில் பாடிக் காட்டினேன். இரண்டாம் வகுப்பு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, ஒண்ணுக்கு வந்தா மிஸ்கிட்ட கேட்டுட்டுப் போகணும்ப்பா!" மெட்டு முதல் சொல்லிலேயே இழுத்து நின்றதுதான் வினை. ராத்திரியோடு ராத்திரியாகப் பல்லவியை மாற்றினேன்.

ஹாலிவுட்டில் ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும் இதே பள்ளத்தில் விழப் பார்த்தார்கள் என்று பின்னால் படித்தபோது ஒரே சந்தோஷம். 1945இலிருந்து பத்து வருஷம் பாரமவுண்ட் ஸ்டூடியோவில் சம்பளத்துக்குப் பாட்டு எழுதிய ஜோடி. காமெடி நடிகர் பாப் ஹோப் படம் ஒன்றுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டார்கள். இவர்களுக்கு இஷ்டமில்லை. வருஷா வருஷம் ஜனங்கள் பழைய பாட்டைத்தானே பாடுகிறார்கள், புதுசை யார் சீண்டுவார்கள்? சரி, சம்பளம் வாங்கியாகிறதே என்று 'டிங்கிள் பெல்ஸ்' எழுதினார்கள். லிவிங்ஸ்டன் அதை வீட்டில் சொன்னார். அமெரிக்காவில் குழந்தைகள் ஒண்ணுக்குப் போவதற்கு டிங்கிள் என்றுதான் பெயர். மனைவி எடுத்துச் சொன்ன பிறகு அது 'சில்வர் பெல்ஸ்' ஆனது. டிசம்பரில் இன்றும் அதைக் கேட்காமல் தப்பிக்க முடியாது.

டைரக்டர் ஹிட்ச்காக் இன்னொரு ரகம். தன் படத்தில் ஒரு தாய் பையனுக்குப் பாட வேண்டும், ஆனால் எப்படிப்பட்ட பாட்டு என்று எனக்கே தெரியாது என்றாராம். இப்படிச் சொல்லும் வாடிக்கையாளர்களிடம் நான் பலமுறை மாட்டியிருக்கிறேன். கொண்டுபோனதையெல்லாம் "இது இல்ல சார்" என்பார்கள். லிவிங்ஸ்டன் ஜோடி கொண்டுபோனது 'கே செரா செரா'. வேறொரு படத்தில் ஒரு குடும்பத்தின் குறிக்கோளாக வந்த இத்தாலிய வாசகத்தை லிவிங்ஸ்டன் மனதில் போட்டு வைத்திருந்தார். அதைத்தான் ஸ்பானிஷாக மாற்றிக்கொண்டார்கள். படத்தில் தாயாக நடித்த டோரிஸ் டேவுக்கு அது வெறும் குழந்தைப் பாட்டாகப் பட்டது, பாடத் தயங்கினார். ஹிட்ச்காக் மட்டும் கேட்டதும் இதுதான் வேண்டும் என்றார். 1956க்கான ஆஸ்கர் அதற்குத்தான், ஜோடிக்கு மூன்றாவது. மறு வருஷமே நம் 'ஆரவல்லி' படத்தில் அது 'சின்னப் பெண்ணான போதிலே' ஆகிவிட்டது. என் அம்மா அடுப்படியில் முணுமுணுத்த பாட்டு. ரொம்ப நாள் அதை நம்ம ஊர்ச் சரக்கென்றே நினைத்திருந்தேன்.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது. 1961இல் பேசும் குதிரையை வைத்து ஒரு தொடர். அதன் முகப்புப் பாட்டை இவர்கள்தான் எழுதினார்கள், பாடியது லிவிங்ஸ்டனே. மூன்று ஆஸ்கர் வாங்கிய மனிதர்! போன வாரம் ஒரு மாட்டுத் தீவனத்துக்குப் பல்லவி எழுத உட்கார்ந்தபோது அவரை நினைத்துக்கொண்டேன்.