ஊருக்கு எடுத்துப் போக முடியாத ஒன்று

இங்கிலாந்துக்கு வந்த முதல் நான்கு வருடங்களில் நாங்கள் வாங்கிய எல்லாப் பொருளுக்கும் ஒரு பொதுக் குணம் இருந்தது. கழற்றலாம், மடிக்கலாம், வேண்டாம் என்றால் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகலாம். மேசை, கட்டில், புத்தக அலமாரி எல்லாமே அப்படித்தான். எப்படியும் திரும்பிப் போகிறவர்கள்தானே என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் எதை வாங்கினாலும் கை முதலில் அதைத் தூக்கிப் பார்த்தது.

அந்தக் கணக்கில் அடங்காத முதல் பொருள் ஒரு வைஸ்: திருகினால் இரண்டு தாடைகளுக்கு நடுவே பலகையை இறுக்கிப் பிடிக்கும் கருவி. மரவேலைக்கான பழைய ரெக்கார்டு 52½. ஏறத்தாழ 17 கிலோ வார்ப்பிரும்பு.

மரவேலை எனக்குத் தொழில் இல்லை. வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு வந்தபோது பின்னால் ஒரு ஷெட் கிடைத்தது. அதில் பழைய நாற்காலி ஒன்றின் மேல் பலகையை வைத்து, முழங்காலால் அமுக்கிக்கொண்டு இழைக்கப் பார்த்தேன். இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளினால் பலகையும் சேர்ந்து போனது. இழைக்க இரண்டு கையும் வேண்டும் என்றால், பலகையைப் பிடிக்க வேறு ஏதாவது வேண்டும்.

தேட ஆரம்பித்த இரண்டு வாரம் எதுவும் கிடைக்கவில்லை. காரணம் எழுத்துக்கூட்டல். அமெரிக்காவில் இந்தக் கருவிக்கு ஒரு எழுத்துமுறை (vise), தீய பழக்கத்தைக் குறிக்கும் சொல்லுக்கு வேறு எழுத்துமுறை (vice). இங்கே இரண்டுக்கும் vice ஒன்றேதான். ஒரே ஒரு எழுத்தை மாற்றித் தேடியதும் வரிசையாக வந்தன. தேடுகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பெரும்பாலானவை ஷெஃபீல்டில் செய்யப்பட்டவை. அங்கிருந்த சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் நிறுவனத்தின் வணிகப் பெயர்தான் ரெக்கார்டு. 52 என்றால் தாடை அகலம் 7 அங்குலம், 52½ என்றால் 9, 53 என்றால் 10½. வீட்டில் செய்யும் மரவேலைக்கு நடு அளவான 52½ போதும். 13 அங்குலம் வரை வாய் திறக்கும்.

விற்றவர் வயதானவர். "என் அப்பாவுடையது. இறுக்கினால் சில நேரம் வழுக்குகிறது, அதைச் சொல்லாமல் விற்க எனக்கு மனம் வராது" என்றார். அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவன் நான். ஆனால் அவர் சுட்டிக்காட்டிய எதற்கும் என்னிடம் பெயர் இல்லை. அரை நட், ஸ்பிளிட் பின், வழிகாட்டும் தண்டுகள் என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். இந்த நாட்டில் ஒருவர் என் உச்சரிப்பைக் கவனிக்காமல் என் கையைக் கவனித்தது அன்றுதான்.

வாங்கும்போது வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாக போல்ட் துளைகளைச் சுற்றி. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தாடைகள் மேல் விளிம்பில் முதலில் தொட்டு, கீழே கொஞ்சம் இடைவெளி விட்டால் அது கோணல் இல்லை. இறுக்கும்போது சமமாகப் பிடிக்க வேண்டும் என்று அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

வீட்டில் இறக்கி வைத்ததும் மனைவி கேட்டாள்: "ஊருக்குப் போறப்ப இதை என்ன பண்ணுவீங்க?"

உண்மையிலேயே பதில் வேண்டித்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த இரும்பையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிரிப்பது நினைத்ததைவிட எளிது. பின்பக்கத்து ஸ்பிளிட் பின்களை எடுத்து, தகட்டைக் கழற்றினால் முன் தாடை திருகோடும் தண்டுகளோடும் உருவிக்கொண்டு வந்துவிடும். வழுக்கலுக்குக் காரணம் அங்கே தெரிந்தது. இந்த வகை வைஸில் திருகைப் பற்றுவது முழு நட் இல்லை, பாதி வட்டமான அரை நட்தான். முன்னால் இருக்கும் சின்ன லீவரை அழுத்தினால் அது திருகை விட்டு விலகும்; தாடையை ஒரே இழுப்பில் நகர்த்தலாம். விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்பத் திருகோடு சேர்க்கும். அந்த நட்டின் மரைப் பள்ளங்களுக்குள் பல வருடத்து கிரீஸும் மரத்தூளும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. நட் முழுதாக உட்கார இடமில்லை, அதனால் வழுக்கியது. தேய்மானமே இல்லை. ஒரு கோணி ஊசியால் ஒவ்வொரு பள்ளமாகக் கிளறி எடுத்தேன். திருகுக்கு, மண்ணெண்ணெயில் நனைத்த சணல் கயிற்றை மரைக்குள் சுற்றி இரு பக்கமும் மாறி மாறி இழுத்தேன். கயிறு கறுத்து, இரும்பு வெளுத்தது.

துருவுக்கு சிட்ரிக் அமிலம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், ஒரு இரவு. ஸ்பிரிங்கை மட்டும் அதில் போடக் கூடாது, அமிலத்தில் ஊறினால் உடையக்கூடியதாகிவிடும். காலையில் எடுத்து, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும். நான் டீ குடிக்கப் போய் வந்த நேரத்தில் ஒரு பக்கம் மறுபடி செம்பழுப்பாகிவிட்டது. அதை முதலிலிருந்து செய்தேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்கவில்லை. ஈரமாக வைத்து, முகமூடி போட்டு, மகளை ஷெட் பக்கம் வரவிடாமல் சுரண்டினேன். மேலே மறுபடி பழைய நீல நிறமே அடித்தேன். மரைக்கு கிரீஸ் வேண்டாம் என்று முடிவு செய்தேன், தூளை இழுத்து வைத்துக்கொள்ளும். லேசாக மெழுகு தேய்த்தேன்.

தாடைக்கு உள்ளே பொருத்தும் மரத்துண்டுகள் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தன. மேல் விளிம்பில் ரம்பம் பட்ட வெட்டுகள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து. அவருடைய அப்பா வலது கைக்காரராக இருக்க வேண்டும். அவற்றை அளவுக்கு வைத்துக்கொண்டு பீச் மரத்தில் புதியவை செய்தேன்.

பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டுத்தான் வைஸை மாட்டினேன். 17 கிலோவைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு போல்ட் போட ஒரு ஆளால் ஆகாது. பின்தாடையை விளிம்புக்குள் செதுக்கி இறக்கினேன், மரத்துண்டின் முகமும் பெஞ்சின் முகமும் ஒரே தளத்தில் வரும்படி. அப்போதுதான் நீளப் பலகை முழுதாகச் சாய்ந்து நிற்கும். அப்புறம் பெஞ்ச் ஆடாமல் இருக்கச் சுவரோடு சேர்த்து முடுக்கினேன். இந்த நாட்டில் ஒரு சுவரில் யாரிடமும் கேட்காமல் நான் போட்ட முதல் துளைகள் அவை. மனைவிதான் மட்டம் பிடித்தாள்.

முதல் வேலை மகளுடைய அறைக் கதவு. மழைக்காலத்தில் உப்பி, மூடாமல் நின்றது. வைஸில் நிறுத்தி, விளிம்பை இழைத்தேன். சுருள் சுருளாக விழுந்தது. கதவு அசையவில்லை.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். நிறத்தைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை. "இறுக்கினால் பிடிக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். கதவைப் பிடித்திருந்த வைஸை அப்படியே வீடியோ எடுத்து அனுப்பினேன்.